தட்டாமாலை

'டாப் கன்' (1986) படத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது டாம் க்ரூஸின் கறுப்புக் கண்ணாடி, மோட்டார் பைக், வாலிபால். எனக்கு அதில் ஒரு சாவுதான் ஞாபகம். மேவரிக் (க்ரூஸ்) ஓட்டும் எஃப்-14, முன்னால் போகிற ஐஸ்மேனின் விமானம் கக்கும் காற்றில் மாட்டிக்கொள்கிறது. எஞ்சின்கள் அணைகின்றன. விமானம் மூக்கைக் கீழே இறக்காமல், பாயில் படுத்த மாதிரி தட்டையாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. மேவரிக்கால் கையை நகர்த்தி இஜெக்ஷன் கைப்பிடியைத் தொட முடியவில்லை. பின் சீட்டில் இருக்கும் நண்பன் கூஸ் இழுக்கிறான். கழன்று மேலே மிதக்கும் கண்ணாடிக் கூரையில் தலை மோதி இறந்துபோகிறான். பாக்கிப் படம் முழுக்க இந்தச் சாவின் மேல்தான் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் 'டாப் கன்' கடற்படைக்கு ஆள் பிடிக்கும் விளம்பரப் படம். (எடுக்காவிட்டாலும் ஓரளவு அப்படித்தான்.)

சமீபத்தில் அதைத் திரும்பப் பார்த்தேன். கூடவே 'தி ரைட் ஸ்டஃப்'. டாம் உல்ஃபின் 1979 புத்தகம், அதை வைத்து ஃபிலிப் காஃப்மன் எடுத்த 1983 படம், இரண்டும். மூன்றிலும் ஒரே வில்லன் வருகிறான். ஸ்பின் எனப்படும் சுழல். மூன்று பேரும் அவனை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் இந்த வாரம்.

முதலில் ஸ்பின் என்றால் என்ன? எஞ்சின் நின்றால் விமானம் சுற்றிக்கொண்டு விழும் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. தப்பு. எஞ்சின் நின்ற விமானம் சமர்த்தாகச் சறுக்கிக்கொண்டு இறங்கும். ஸ்பின்னுக்கு எஞ்சின் நிற்கவே வேண்டாம். வேறு இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, ஸ்டால். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் சுமார் 15, 16 டிகிரியைத் தாண்டினால், இறக்கையின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு போகும் காற்று பிய்த்துக்கொண்டு கலைந்துவிடுகிறது. தூக்கும் சக்தி போச்சு. இரண்டாவது, அந்தச் சமயம் பார்த்து விமானம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது ஒரு இறக்கை மற்றதைவிட மோசமாக ஸ்டால் ஆகிறது. அது தாழ்கிறது. தாழத் தாழ அதன் கோணம் இன்னும் கூடுகிறது, காற்றின் தடை அதிகமாகி அது பின்தங்குகிறது, மற்ற இறக்கை அதைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான், தட்டாமாலை ஆரம்பம். யாரும் தள்ளிவிட வேண்டாம். தானே சுற்றும்.

இதில் விநோதம் என்னவென்றால் ஸ்பின் என்பது ஒரு ஸ்திரமான நிலை. டைவ் அடிக்கும்போது வேகமானி ஏறிக்கொண்டே போகும். ஸ்பின்னில் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். தரை மட்டும் சுற்றிக்கொண்டே பெரிதாகும். மூக்கு கீழே பார்க்கிறதே என்று ஸ்டிக்கைப் பின்னால் இழுப்பீர்கள். நானும் இழுப்பேன். உலகத்தில் எந்த மனுஷனும் அதைத்தான் செய்வான். இழுக்க இழுக்க இறக்கையின் கோணம் கூடும், ஸ்டால் விடவே விடாது. சரி, ஒரு பக்கம் சாய்கிறதே என்று ஸ்டிக்கை மறுபக்கம் ஒடித்தால், தாழ்ந்த இறக்கையின் கோணம் இன்னும் மோசமாகும். ஆக, உள்ளுணர்வு சொல்லும் இரண்டு காரியமும் ஆளைக் கொல்லும் காரியங்கள்.

மருந்து இது. எஞ்சினைக் குறை. ஸ்டிக்கைப் பக்கவாட்டில் நடுவில் வை. சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்க ரடர் பெடலை முழுசாக மிதி. ஸ்டிக்கை முன்னால் தள்ளு. அதாவது, தரை முகத்துக்கு நேரே வந்துகொண்டிருக்கும்போது மூக்கை இன்னும் தரைப்பக்கம் தள்ளு! சுற்றல் நின்றதும் ரடரை நேராக்கு. பிறகு டைவிலிருந்து நிதானமாக வெளியே வா. விமானத்துக்கு விமானம் சின்ன வித்தியாசங்கள் உண்டு, அதனதன் மேனுவல்தான் வேதம். சின்ன செஸ்னாவில் ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வர சுமார் 1,000 அடி உயரம் செலவாகும்.

இந்த மருந்தைக் கண்டுபிடித்த கதை 'டாப் கன்'னைவிட நல்ல சினிமா. 1912 ஆகஸ்ட் 25. இங்கிலாந்தில் சாலிஸ்பரி சமவெளியில் லார்க்ஹில். ராணுவ விமானப் போட்டி நடந்துகொண்டிருக்கிறது. லெஃப்டினன்ட் வில்ஃப்ரட் பார்க், மூடிய கேபின் வைத்த ஆவ்ரோ விமானத்தில் மூன்று மணி நேரச் சோதனையை முடித்துவிட்டு, கூட இன்னொரு ஆளையும் வைத்துக்கொண்டு இறங்குகிறார். சுழலில் மாட்டினார். அதற்கு முன் மாட்டியவர்கள் பெரும்பாலும் வந்து சொல்வதற்கு உயிரோடு இல்லை. பார்க் எஞ்சினை முழுசாகத் திறந்தார். ஸ்டிக்கை இழுத்தார். சுற்றும் பக்கமே ரடரைத் திருப்பினார். ஒன்றும் பலிக்கவில்லை. தரைக்கு 50 அடி போல இருக்கும்போது, இதுவரை செய்தது எதுவும் உதவவில்லை, மாற்றித்தான் பார்ப்போமே என்று ரடரை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பினார். சுற்றல் நின்று விமானம் சொன்னபடி கேட்டது. இறங்கியதும் என்னென்ன செய்தேன், எந்த வரிசையில் செய்தேன் என்று விவரித்தார். 'ஃப்ளைட்' பத்திரிகையில் விளக்கமாக வந்தது. 'பார்க்கின் டைவ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் வேறொரு விமானத்தில் விழுந்து இறந்துபோனார் பார்க்.

பிறகு முதல் உலகப் போரின்போது ஃபார்ன்பரோவில் ஃப்ரெடரிக் லிண்டமன் என்ற பௌதிக விஞ்ஞானி, இதற்காகவே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் போய், சுற்றிக்கொண்டிருக்கும்போதே மீட்டர்களைப் படித்துக் குறித்துக்கொண்டு வந்தார். இவர் பிற்பாடு சர்ச்சிலுக்கு விஞ்ஞான ஆலோசகர். நம் கல்லூரிகளில் பிராக்டிகல் நோட்டை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் கவனிக்க.

இப்போது 'டாப் கன்'னுக்கு வரலாம். டெக்னிக்கலாக அந்தக் காட்சி முழு ரீல் இல்லை. முதல் தலைமுறை எஃப்-14-இன் எஞ்சின்கள் கலங்கிய காற்றில் திணறக்கூடியவை. இரண்டு எஞ்சினும் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒன்று போனால் மற்றது விமானத்தைப் பக்கவாட்டில் திருகும். விமானிகள் உட்காரும் இடம் சுழற்சியின் மையத்திலிருந்து ரொம்ப முன்னால். அதனால் ராட்டினத்தில் ஓரத்தில் உட்கார்ந்தவன் மாதிரி வெளியே வீசப்படுவார்கள், அவர்கள் விஷயத்தில் 'வெளியே' என்பது முன்னால். கை எட்டாது என்பது நிஜம். தட்டையான ஸ்பின்னில் கழன்ற கூரை காற்றில் அடித்துப் போகாமல் தலைக்கு மேலேயே தங்கும் என்பதும் நிஜம். ஸ்க்ரிப்ட் எழுதியவர்கள் ஹோம்வொர்க் செய்திருக்கிறார்கள்.

பின்னே என்ன குறை? மேவரிக்கின் கால் எங்கே?

ரடர் பெடல் காலில் இருக்கிறது. ஸ்பின்னில் விமானிக்கு மிச்சமிருக்கும் முக்கியமான ஆயுதம் அது. டைரக்டர் டோனி ஸ்காட்டுக்கு அதில் அக்கறை இல்லை. காட்சி முகங்களில் நடக்கிறது. வியர்வை, அலறல், கடல். அந்தச் சில விநாடிகளில் அவன் எதைச் செய்தான், எதைச் செய்யத் தவறினான், செய்ய ஏதாவது இருந்ததா என்று நமக்குப் புரிவதில்லை. ஸ்பின் இதில் விதி, இடி விழுந்த மாதிரி. அப்புறம் ஒரு விசாரணை, 'உன் மேல் தப்பில்லை' என்று சீக்கிரத்தில் தீர்ப்பு. அதற்கப்புறம் பாதிப் படம் மேவரிக் குற்ற உணர்ச்சியில் வாடுகிறான். எதைப் பற்றிக் குற்ற உணர்ச்சி? அவனிடம் ஒரு தேர்வு இருந்தது என்று நமக்குக் காட்டியிருந்தால்தானே அதில் நாம் கூட வர முடியும்? ஒரே ஒரு ஷாட், எதிர்ப்பக்கப் பெடலை முழுசாக மிதித்தும் விமானம் கேட்கவில்லை என்று காட்டியிருந்தால் கூஸின் சாவு இன்னும் கனத்திருக்கும். அது இல்லாததால் படம் பின்னணி இசையை நம்பியே அழ வேண்டியிருக்கிறது.

இந்தக் குறையை நான் வெறும் ரசிகனின் முணுமுணுப்பாகச் சொல்லியிருப்பேன், ஆர்ட் ஷோல் பற்றித் தெரியாமல் இருந்தால்.

ஆர்ட் ஷோல், அமெரிக்காவின் பெரிய வான் சாகச விமானிகளில் ஒருவர். பல படங்களுக்குப் பறந்தவர். 'அய்லரான்' என்று பெயர் வைத்த சின்ன நாயைக் கூட உட்கார வைத்துக்கொண்டு பறப்பார். (அய்லரான் என்பது இறக்கை ஓரத்து மடிப்புத் தகடு. ஸ்பின்னில் நடுவில் வைக்கச் சொன்னேனே, ஸ்டிக்கை இடம் வலமாக ஆட்டினால் அசைவது அதுதான்.) 'டாப் கன்' படத்தின் ஸ்பின் காட்சிக்கு, விமானத்துக்குள்ளிருந்து பார்த்தால் வெளியுலகம் எப்படிச் சுற்றும் என்று படம் பிடிக்க வேண்டும். 1985 செப்டம்பர் 16 அன்று கேமரா பொருத்திய பிட்ஸ் விமானத்தில் கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் போனார். ஆயிரம் தடவை செய்த காரியம். ரேடியோவில், ஒரு பிரச்னை, நிஜமாகவே பிரச்னை என்கிற அர்த்தத்தில் இரண்டு வாக்கியம் வந்தது. அவ்வளவுதான். விமானமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. காரணம் கடைசி வரை நிச்சயமாகவில்லை. படத்தை அவர் நினைவுக்கு அர்ப்பணித்தார்கள்.

உலகில் ஸ்பின்னைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களில் ஒருவர், ஸ்பின்னைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒரு காட்சிக்காகச் செத்தார் என்பது எனக்கு ஜீரணமாகவில்லை. அவரே அந்தக் காட்சியை எடுத்திருந்தால் கண்டிப்பாகக் காலைக் காட்டியிருப்பார்.

டாம் உல்ஃப் வேறு ஜாதி. அவருக்கு விவரம் தெரியும். விமானியோடு சேர்ந்து நம்மையும் காக்பிட்டில் கட்டிப்போட்டு, உயரத்தை எண்ணி எண்ணி இறக்குவார். வாசிக்கும்போது வயிற்றில் ஏதோ செய்யும். புத்தகத்தின் கடைசியில் வரும் சக் யேகர் சம்பவம் 1963 டிசம்பர் 10-இல் நடந்தது. ஒலியின் வேகத்தை முதலில் தாண்டிய அதே யேகர்தான். வாலில் ராக்கெட் வைத்த என்.எஃப்-104 விமானத்தில் ஒரு லட்சம் அடிக்கு மேல் போய், அங்கே காற்று போதாமல் மூக்கை இறக்க முடியாமல், தட்டையான ஸ்பின்னில் விழுகிறார். தரையில் பிரேக்குக்காக வைத்திருக்கும் வால் பாராஷூட்டை விரித்து மூக்கைக் கீழே கொண்டுவருகிறார். அதைக் கழற்றியதும் மூக்கு மறுபடி மேலே. வேறு வழியில்லாமல் இஜெக்ட் ஆகிறார். கழன்ற சீட்டின் நெருப்பு ஹெல்மெட்டில் பட்டு, உள்ளே வரும் ஆக்ஸிஜனில் பற்றிக்கொண்டு முகம் கருகுகிறது. நடந்தது இதுதான், உல்ஃப் சேர்த்தது நடை மட்டும்.

சண்டை எனக்கு அவருடைய தத்துவத்தோடு. தலைப்பில் சொல்லும் அந்த 'சரியான சரக்கு' பிறவியிலேயே சிலரிடம் இருக்கிறது, மற்றவர்களிடம் இல்லை, பிரமிடின் உச்சியில் யேகர் என்கிறார். படிக்க ஜோராக இருக்கிறது. ஆனால் ஸ்பின் இந்தத் தத்துவத்தைச் சட்டை செய்வதே இல்லை. யேகரின் வாழ்க்கையிலேயே இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்வோம். 1953 டிசம்பர் 12-இல் எக்ஸ்-1ஏ விமானத்தில் ஒலியைப்போல 2.44 மடங்கு வேகம் போனபின், அது உருண்டு புரண்டு ஒரு நிமிடத்துக்குள் சுமார் 50,000 அடி விழுந்தது. தலைகீழ் ஸ்பின்னில் இருக்கிறோம் என்று தெரிந்ததும் அதைச் சாதாரண ஸ்பின்னாக மாற்றினார். சாதாரண ஸ்பின்னிலிருந்து எப்படி வெளியே வருவது என்று அவருக்குத் தெரியும், வந்தார். தெரியாத ஆபத்தைத் தெரிந்த ஆபத்தாக மாற்றிக்கொண்டார் என்பதுதான் அதில் அழகு. அது பாடம் படித்தவனின் சாமர்த்தியம், பிறவிச் சரக்கு இல்லை. பத்து வருஷம் கழித்து அதே ஆள், அதே நரம்புகள், கூடுதல் அனுபவம். என்.எஃப்-104-இல் காற்றுக்கு ரடரே எட்டவில்லை. சரக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த விபத்தில் தவறு விமானத்திலா யேகரிடமா என்பதில் சர்ச்சை உண்டு. அதே விமானத் திட்டத்தில் பறந்து, நான்கு நாள் முன்புதான் 1,20,000 அடியைத் தாண்டியிருந்த ராபர்ட் ஸ்மித், யேகர் சொன்னதை ஏற்கவில்லை. உல்ஃபின் புத்தகத்தில் இந்தக் கட்சிக்கு இடமில்லை. பிரமிடின் உச்சியில் இருப்பவர் பெடலைச் சரியாக மிதித்தாரா என்று கேட்பது மரியாதை இல்லை போலும்.

காஃப்மனின் படம் ஒரு படி மேலே போகிறது. யேகர் (சாம் ஷெப்பர்ட், பிரமாதம்) யாரிடமும் அனுமதி வாங்காமல், ஏதோ தோன்றிய மாதிரி ஏறிக் கிளம்பிவிடுகிறார். நிஜத்தில் அது திட்டமிட்ட சோதனைப் பறத்தல். சோதனை விமானி என்பவர் மடியில் குறிப்பு அட்டை வைத்துக்கொண்டு வரிக்கு வரி டிக் அடிக்கிற ஆசாமி. அதைப் படமாக்கினால் கௌபாய் கிடைக்க மாட்டான். இன்னொரு துயரமான ஒற்றுமை, இந்தப் படத்திலும் யேகர் பாராஷூட்டில் இறங்கும் காட்சியை எடுக்கும்போது ஜோசஃப் ஸ்வெக் என்ற ஸ்டன்ட் கலைஞர் பாராஷூட் விரியாமல் இறந்துபோனார். இரண்டு படம், இரண்டு உயிர்.

ஸ்பின்னை உண்மையில் அடக்கியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். வர்ஜீனியாவில் நாசாவின் லாங்லி மையத்தில் 1941-லிருந்து ஒரு செங்குத்தான காற்றுச் சுரங்கம் இருக்கிறது. 20 அடி அகலம். கீழிருந்து மேலே காற்று அடிக்கும். விமானத்தின் சின்ன மாடலை ஒருவர் கையில் பிடித்து, தட்டு வீசுகிற மாதிரி சுழற்றி உள்ளே எறிவார். அது காற்றில் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எந்தச் சுழலிலிருந்து மீளும், எதிலிருந்து மீளாது என்று எழுதிக்கொள்வார்கள். நம் பக்கத்தில் ஹெச்.ஏ.எல்.லின் ஹெச்.ஜே.டி-36 பயிற்சி விமானம் 2003-இல் முதலில் பறந்தது. பயிற்சி விமானம் என்றால் ஸ்பின் ஆக வேண்டும், ஆகி வெளியேயும் வர வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டது. வாலையே மாற்றி, அவசரத்துக்கு ஒரு பாராஷூட்டைக் கட்டி, இரண்டு பக்கமும் ஆறு ஆறு சுற்று சுற்றி மீண்டது என்று அறிவிக்க 2022 ஆகிவிட்டது. அந்தச் சோதனை விமானிகளைப் பற்றி யாரும் படம் எடுக்க மாட்டார்கள். பாட்டு எங்கே வைப்பது?

புத்தகம் ஒன்றுதான் படிப்பீர்கள் என்றால் உல்ஃபை ஒதுக்கிவிட்டு 'ஸ்டிக் அண்ட் ரடர்' படியுங்கள் என்பேன். வுல்ஃப்காங் லாங்கவீஷ என்பவர் 1944-இல் எழுதியது, இன்னும் அச்சில் இருக்கிறது. இதில் ஹீரோ கிடையாது. 'நீ' மட்டும்தான். ஸ்டிக்கை இழுத்தால் விமானம் மேலே போகும் என்ற நம்பிக்கையை முதல் பகுதியிலேயே உடைத்துப் போடுகிறார். ஸ்டிக் என்பது மேலே கீழே போகும் நெம்புகோல் இல்லை, இறக்கையின் கோணத்தை மாற்றும் கருவி. இது ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் பாக்கி எல்லாம் தானாக வரும். குறை இல்லாமல் இல்லை. சொன்னதையே மூன்று விதமாகச் சொல்வார். ரடர் பெடலே இல்லாத விமானங்கள்தான் நாளைக்கு என்று அவர் கண்ட கனவு பலிக்கவில்லை. (அந்தக் காலத்தில் எர்கூப் என்று பெடல் இல்லாத, ஸ்பின்னே ஆகாத ஒரு குட்டி விமானம் வந்தது. அந்த மயக்கம்.) ஆனால் ஒரு விஷயம் எப்படிப் புரியாமல் போகிறது என்பதைப் புரிந்துகொண்டு எழுதியவர்கள் குறைவு. இவர் அதில் ஒருவர்.

65 வருஷம் கழித்து, 2009 ஜூன் 1 அன்று, ஏர் பிரான்ஸ் 447 அட்லான்டிக்கின் மேல் 38,000 அடி உயரத்தில் ஸ்டால் ஆனது. வேகமானிகள் சில விநாடிகள் பனியில் அடைத்துத் தப்பாகக் காட்டியதில் ஆரம்பித்த குழப்பம். ஸ்பின் கூட இல்லை, சாதாரண ஸ்டால். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எச்சரிக்கைக் குரல் 'ஸ்டால், ஸ்டால்' என்று கத்திக்கொண்டிருந்தது. காக்பிட்டில் இருந்த இளைய விமானி பெரும்பாலும் ஸ்டிக்கைப் பின்னாலேயே இழுத்துப் பிடித்திருந்தார். 228 பேர். அவரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அந்த உயரத்தில் கையால் ஓட்டி ஸ்டாலிலிருந்து மீள அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

அமெரிக்காவில் 1949-இலேயே சாதாரண விமானி லைசென்ஸுக்கு ஸ்பின் செய்துகாட்ட வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். தர்க்கம் நியாயமானதுதான். இறங்குவதற்குக் கடைசித் திருப்பம் திரும்பும்போது உயரம் 500 அடி, மீள்வதற்கு வேண்டியது 1,000 அடி, அப்புறம் மீளத் தெரிந்து என்ன லாபம், மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொடு என்றார்கள். சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்களுக்கு மட்டும் அது இன்னும் கட்டாயம். ஏர் பிரான்ஸுக்கும், அதே வருஷம் பஃபலோ அருகே ஸ்டால் ஆகி விழுந்த ஒரு சின்ன விமானத்துக்கும் பிறகு, 2019-இலிருந்து அங்கே ஏர்லைன் விமானிகள் சிமுலேட்டரில் முழு ஸ்டாலுக்குள் போய் வெளியே வந்து காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது.

லாங்கவீஷ புத்தகத்தில் வானத்து ஆபத்துகளைப் பற்றி லெய்ட்டன் காலின்ஸ் என்பவர் தனியாக எழுதிய பகுதி ஒன்று உண்டு. விமானம் ஓட்டும் உத்தேசம் இல்லாதவர்கள் அதை முதலில் படிக்கலாம். ஜன்னல் சீட் கேட்டு வாங்குகிறவர்கள் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு படிப்பது உத்தமம்.